மனசாட்சி வாரியத்தின் முதல் ஹிப் ஹாப் ஆல்பம்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அந்த ஆல்பத்தை இப்போது பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேட்கிறேன். கேட்கக் கேட்க, நடந்தது எது, பாட்டில் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விட்டது. வாரியத்தின் கூட்ட அறையில் கிடந்த கம்பளம் சிவப்பு என்பேன் நான். தகரம் அது பச்சை என்பான். இரண்டு பேரும் சொன்னால் அவன் சொல்வதைத்தான் நம்புவார்கள். அவன் குரல் அப்படி.

தகரம் என் கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பெயர். தகரக் கூரைமேல் கல் உருள்கிற மாதிரி ஒரு குரல் அவனுக்கு. எனக்குப் பட்டப்பெயரே கிடையாது. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பொறாமை அங்கிருந்தே ஆரம்பித்திருக்கலாம்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறவன். வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் எழுத்தைக் காட்டி, "சொல்லுங்க" என்பேன். பிறகு காத்திருப்பேன். அவர் தடுமாறினாலும் உதவக் கூடாது. உதவினால் தப்பான கண்ணாடியோடு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் சொன்னதும், "ஆமா" என்பேன். அடுத்த வரியைக் காட்டுவேன். அதனால் எனக்கு மௌனம் பழக்கம். புத்தகம் படிக்கிற பழக்கமும் உண்டு என்பதால் வீட்டில் என்னை ஆழமானவன் என்று நினைத்தார்கள். உண்மையில் பெரும்பாலும் தகரத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடை மூடியதும் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் நாங்கள் பாடுவோம். அவன் எழுதி அவனே பாடுவான். நான் நடுநடுவே "ஆமா", "அதான்", "சொல்லு" என்பேன். ராப் பாட்டில் இப்படி ஒருவன் வேண்டும். இல்லாவிட்டால் பாடுகிறவன் தனியாகப் புலம்புகிற மாதிரி இருக்கும்.

அந்த வருடம் அவன் எழுதியது அவன் அம்மாவைப் பற்றி. அவர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்த பஸ், புதிதாக வந்த வணிக வளாகத்தின் வாசலுக்கு மாறிப்போனது. அதுவரை இறங்கியதும் வேலைக்குள் நுழைந்தவர், இப்போது வெயிலில் அவ்வளவு தூரம் திரும்பி நடக்க வேண்டும். முழங்கால் வீங்கிய அம்மா மட்டுமல்ல, கட்டுப் போட்டவர், கர்ப்பிணி, குழந்தையைத் தோளில் போட்டவர் என்று எல்லோரும் ஒரு வரிசையாகத் துணிக்கடை பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். மனு கொடுத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் தகரம் பாட்டாக எழுதினான்.

*நிறுத்தம் நகர்ந்துபோச்சு, நிக்க முடியாதவன் நடந்து போறான்,*
*மருந்துக்கு வந்தவன் மால் வாசல்ல இறங்கிப் போறான்.*
*ஊருக்கே துவைச்ச கை, எங்கம்மா கை, பிடிக்க ஒரு கம்பி இல்ல,*
*ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க பஸ்ஸுக்கு மனசு இல்ல.*

முதல் வரியைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நிக்க முடியாதவன் நடந்து போறான். எவ்வளவு சுலபமான வரி. எனக்கு ஏன் வரவில்லை? எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி இல்லை. அவர் தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி வேகமாக நடக்கிறார். இப்படிப்பட்ட அம்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?

அந்தச் சமயத்தில்தான் சமூக மனசாட்சி வாரியம் அந்த அறிவிப்பை வெளியிட்டது. சமூக அக்கறையுள்ள ஹிப் ஹாப் ஆல்பம் ஒன்றை வாரியமே தயாரிக்கும். தகுதியுள்ள இளைஞர்கள் நேரில் வரலாம். அதற்கு முன் வாரியம் சாலையோரத்தில் பொன்மொழிப் பலகைகள் வைத்துக்கொண்டிருந்தது. இளைஞர்கள் பலகைகளைப் படிப்பதில்லை, தலையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்கிறார்கள் என்று தலைவருக்கு அவர் மருமகன் சொன்னாராம்.

போய்ப் பாடினால் பெரிய இடத்துக் காதில் விழும், நிறுத்தம் திரும்பி வந்துவிடும் என்று தகரம் நம்பினான். நானும் கூடப் போனேன். என் நோக்கம் நிறுத்தம் இல்லை. அவனோடு நானும் எங்காவது போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் துன்பச் சரிபார்ப்பு. இதற்கென்று ஒரு அம்மையார் இருந்தார். மெல்லிய குரல், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. தகரத்திடம் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அவர் எப்போதோ விட்டுப் போய்விட்டதை அவன் சொன்னான். கூரை ஒழுகுவதைச் சொன்னான். அம்மாவின் முழங்காலைச் சொன்னான். அம்மையார் ஒவ்வொன்றுக்கும் முகம் மலர்ந்தார். முதல் தரம் என்று எழுதிக் கைகுலுக்கினார். ஆல்பம் வெளியாகும்வரை கூரையைச் சரிசெய்ய வேண்டாம், மேலதிகாரிகள் பார்வையிட வருவார்கள் என்று அன்போடு கேட்டுக்கொண்டார். முழங்காலுக்கு வைத்தியம் நடக்கிறதா என்றார். நடக்கிறது என்றதும் கொஞ்சம் கவலைப்பட்டார்.

பிறகு என் முறை. பெற்றோர் இருவரும் நலம். சொந்த வீடு. எனக்குத் தனி அறை. அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வீட்ல யாராவது குடிப்பாங்களாப்பா?"

"அப்பா ஒரு தடவ முயற்சி பண்ணாரு மேடம். வயித்துக்கு ஒத்துக்கல."

"காதல்ல தோல்வி?"

"அது ஆரம்பிக்கவே இல்ல மேடம்."

கடைவாய்ப் பல் பிடுங்கியபோது வீங்கியதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தகரத்துக்குக்கூட அவர் அவ்வளவு இரங்கவில்லை. "உங்கள மாதிரிப் பிள்ளைங்களுக்கு இந்த நாட்டுல ஒரு வழியும் இல்ல," என்று பெருமூச்சு விட்டார். பிறகு விதிகளைப் புரட்டி, 'துணைக் குரல்' என்று ஒரு இடத்தைக் கண்டுபிடித்தார். துன்பப்படுகிறவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன். அதற்குத் தகுதி தேவையில்லை.

திரும்பும்போது, ஒழுகுகிற கூரை ஒன்று எனக்கும் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். தகரம் என் தோளில் கைபோட்டிருந்தான். அவன் சந்தோஷமாக இருந்ததால் கை கனமாக இருந்தது.

அடுத்து கோபப் பயிற்சி. கூட்ட அறையில், அந்தச் சிவப்புக் கம்பளத்தின் மேல். வாரியத் தலைவர் பருத்த மனிதர், பேசும்போது கண்களை மூடிக்கொள்வார். "ஹிப் ஹாப்னா கோபம்" என்று ஆரம்பித்தார். "கோபம் இல்லாத சமுதாயம் செத்த சமுதாயம். அதனால கோபம் கண்டிப்பா வேணும், தம்பி. ஆனா அது யார் மேலயும் இருக்கக் கூடாது. யார் மேலயாவது இருந்தா அது புகார். புகாருக்குக் கீழ்த்தளத்துல தனிப் பிரிவு இருக்கு. நமக்கு வேண்டியது சுத்தமான கோபம்."

தகரத்தை ஜன்னலைப் பார்த்துப் பாடச் சொன்னார்கள். பாதி வரியில் நிறுத்தினார்கள். ஜன்னலுக்கு எதிரே வருவாய்த் துறை. இடது பக்கம் திருப்பினார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் குடிநீர்த் துறை. வலது பக்கம் கல்வித் துறை. வாசல் பக்கம் திரும்பினால் படி இறங்கி நேரே காவல் நிலையம். அப்புறம் கூரையைப் பார்த்துப் பாடு என்றார்கள். மேல்தளம் தணிக்கைத் துறை என்று அம்மையார் நினைவுபடுத்தியதும் தலைவருக்கே வியர்த்துவிட்டது. தரையைப் பார்த்தால் கீழே புகார்ப் பிரிவு. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பாட அனுமதி கிடைத்தது. அப்படியும் தலைவர் நாற்காலியை நகர்த்தி ஓரமாகப் போட்டுக்கொண்டார்.

கண்ணை மூடிக்கொண்டு பாடியபோது அவன் இன்னும் நன்றாகப் பாடினான். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் தகரத்தின் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள், முழங்காலோடு. வெளியே ஒரு மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட பெரிய அறையில் தகரம் பாடினான். என்னை ஒரு அலமாரி மாதிரி இருந்த சின்ன அறையில் நிற்க வைத்து, என் குரலைத் தனியாகப் பதிந்தார்கள். ஒலிப்பதிவாளர் அதிகம் பேசாதவர். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "சொல்லுன்னு சொல்லிட்டு விடறீங்க பாருங்க, அந்த இடைவெளி நல்லாருக்கு." எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு அது. என்னைப் பாராட்டியதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அவர் இடைவெளியைத்தான் பாராட்டினார்.

முடிந்ததும் அம்மா உள்ளே வந்தார். மகன் முகத்தைத் துடைத்துவிட்டார். பாட்டு நல்லா இருக்கு என்றார். பிறகு தலைவரைப் பார்த்துக் கேட்டார்:

"ஸ்டாப்பிங் எப்பங்க வரும்?"

"அம்மா, இது கலை," என்றார் தலைவர்.

"சரிங்க. ஸ்டாப்பிங்?"

கலை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று தலைவர் விளக்கினார். அம்மா தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் முழங்கால் மருந்தைப் பற்றியும் இதையே பல வருடமாகக் கேட்டவர்.

பாட்டு வரிகளை எழுதி எல்லாத் துறைகளுக்கும் அனுப்பினார்கள். துறைகள் ஒன்றாக உட்கார்ந்தன. நாங்களும் ஓரமாக உட்கார வைக்கப்பட்டோம். போக்குவரத்துத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். தம் துறை விமர்சனத்தை வரவேற்கிறது, உண்மைக்குப் புறம்பானதை மட்டும்தான் எதிர்க்கிறது என்று தெளிவுபடுத்திவிட்டுச் சொன்னார்:

"நிறுத்தம் நகர்ந்துபோச்சுன்னு எழுதியிருக்கு. நிறுத்தம் எங்கயும் நகரல சார். அது இப்ப எங்க இருக்கோ அங்கதான் இருக்கு. ஆஸ்பத்திரிதான் தள்ளி இருக்கு."

ஆஸ்பத்திரியைத் தள்ளி வைத்ததாகச் சொல்வதைச் சுகாதாரத் துறை ஆட்சேபித்தது. ஆகவே 'ஆஸ்பத்திரி' போனது. ஆஸ்பத்திரி இல்லாதபோது 'மருந்து' எதற்கு என்றார்கள். 'வாசல்' யாருடைய வாசல் என்று கேள்வி வந்தது. 'மனசு இல்ல' என்பதை வாரியமே எதிர்த்தது. மனசு அவர்கள் துறை. 'அம்மா' பெண்கள் நலப் பிரிவின் ஆய்வுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. 'ஒழுகும் கூரை' என்ற இன்னொரு பாட்டில் மழை வந்ததால், அது பெய்ததற்கு ஆதாரம் கேட்டார்கள்.

வேறு சொற்களைப் போட்டுப் பாடலாமா என்று தகரம் கேட்டான். புதுச் சொல் என்றால் புது ஒப்புதல், மறுபடியும் முதலிலிருந்து. பாட்டைச் சுருக்கலாமா என்றால் அதுவும் முடியாது. ஆல்பத்தின் நீளம் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. எனவே ஆட்சேபித்த சொற்களை மட்டும் அழித்து, அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிடுவது என்று முடிவானது. ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு சொல்லாகத் துடைத்தார். தகரத்தின் குரல் அங்கங்கே பல் விழுந்த மாதிரி ஆகி, அப்புறம் பல்லே இல்லாமல் போய், கடைசியில் வாயும் போய்விட்டது.

என் 'ஆமா'வையும் 'சொல்லு'வையும் யாரும் வரிகளில் எழுதியிருக்கவில்லை. எழுதாததால் துறைகள் பார்க்கவில்லை. பார்க்காததால் ஆட்சேபிக்கவில்லை.

தொகுப்பு முழுவதையும் போட்டுக் காட்டிய அன்று எல்லோரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தாளம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் குரல்: "சொல்லு." பிறகு தாளம் மட்டும். நீண்ட இடைவெளி. "ஆமா." மறுபடி ஒன்றுமில்லை. "அதான்." கடைசிப் பாட்டு வரைக்கும் இதேதான். முடியும்வரை தலைவர் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தபோது ஈரமாக இருந்தது.

"இதுதான் நான் கேட்டது," என்றார். "ஒரு இளைஞன் சமுதாயத்தைப் பார்த்துச் சொல்லு சொல்லுங்கறான். சமுதாயம் என்ன சொல்லுது? ஒண்ணும் சொல்லல. ஏன்னா நம்ம ஆட்சியில அதுக்கு ஒரு குறையும் இல்ல. உடனே அவன் ஆமாங்கறான். ஒத்துக்கறான். எவ்வளவு பெரிய பக்குவம்."

துன்ப அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாளும் என் துன்பத்தைத் தான் கண்டுகொள்ளவில்லையே என்று வருந்தினார். அட்டையில் என் படம் வந்தது. வருடத்தின் சிறந்த சமூகக் குரல் என்று வாரியம் தனக்குத் தானே வைத்திருந்த விருது எனக்கு வந்தது. தகரத்தின் பெயர் நன்றிப் பட்டியலில், தேநீர் கொடுத்தவருக்கு அடுத்து இருந்தது.

விருது வாங்கிய அன்று வெளியே படிக்கட்டில் அவன் நின்றான். நான் பக்கத்தில் போனேன்.

"நெனச்சதெல்லாம் கெடச்சிருச்சுல்ல," என்றான்.

நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு வரும்.

"எங்கம்மா நாளைக்கும் நடக்கும்டா. அத நெனச்சுக்க."

அவன் போய்விட்டான். விருதுக் கேடயம் கையில் கனத்தது. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குள் என்ன வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பொறாமைதான். அவனுடைய குரலை ஒரு அரசாங்கமே உட்கார்ந்து, சொல் சொல்லாக அழித்திருக்கிறது. ஒன்பது துறைகள் பயந்த வரிகள். என் வரிகளுக்கு யார் பயந்தார்கள்? அழிக்கப்பட்டவன் என்கிற பெருமையும் அவனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு மிஞ்சியது புகழ்.

வாரியம் ஆல்பத்தைப் பஸ்களுக்குக் கொடுத்தது. பஸ்களில் அப்போதுதான் ஒலிபெருக்கி மாட்டியிருந்தார்கள், அரசு அறிவிப்புகளுக்காக. அதில் எது வந்தாலும் மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஓட்டுநர்களுக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். பாட்டுக்கு இது பொருந்தாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை நான் கடைக்குப் போகும்போது தகரத்தின் அம்மா அதே பஸ்ஸில், முன்பக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் சிரித்திருப்பார், அவருக்குக் கோபிக்கத் தெரியாது. அதனால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் நீண்ட மதில் ஆரம்பித்தது. பஸ் வேகம் குறையவில்லை. அப்போது தலைக்கு மேலே என் குரல் கேட்டது.

"சொல்லு."

அந்த இடைவெளி வந்தது. ஒலிப்பதிவாளர் பாராட்டிய இடைவெளி. அம்மா அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். யாரோ அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, ரொம்ப மரியாதையாக, சத்தமாகச் சொன்னார்:

"ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துப்பா. முட்டி வலிக்குது."

"ஆமா," என்றது ஒலிபெருக்கி.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு," என்றது.

இப்போது கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர், "இங்கயே நிறுத்துங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு கர்ப்பிணி, நாலைந்து பேர், என் முன்னால் நின்ற முதுகு, எல்லோரும் ஆளுக்கொரு வேகத்தில் அதையே சொன்னார்கள்.

"அதான்," என்றது என் குரல். இதற்கு மேல் ஒரு மேலிடம் எப்படி உத்தரவு போடும்? பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நடத்துநர் எதுவோ கேட்க, "மேலேருந்து ஆமான்னு வந்தாச்சு, நான் என்னத்தக் கண்டேன்" என்றார் ஓட்டுநர். அம்மா இறங்கினார். இறங்கி, உள்ளே போனார். அவ்வளவு பக்கத்தில் வாசல் இருந்தது.

நானும் அந்தப் பஸ்ஸில் வாயைத் திறந்திருக்கலாம். இடைவெளி எனக்கும் பொதுவாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தவர் சொல்லும்வரை காத்திருந்தே பழகியவன் நான். அந்த ஆல்பத்தின் சிறந்த வரியைத் துணி துவைக்கிற ஒரு அம்மாள் எழுதாமலே சொல்லிவிட்டுப் போனார். அவர் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. ஒரு குடும்பத்துக்கே எவ்வளவுதான் கொடுத்து வைத்திருக்கும்?

விஷயம் பரவியது. ஆஸ்பத்திரி மதில் வந்ததும் பஸ்ஸுக்குப் பஸ் ஜனங்கள் 'சொல்லு'வுக்காகக் காத்திருந்தார்கள். போக்குவரத்து அதிகாரி 'ஆமா'வை நீக்கச் சொல்லி எழுதினார். வரிகளில் அப்படி ஒரு சொல்லே இல்லை, இல்லாததை நீக்க முடியாது என்று வாரியம் பதில் எழுதியது. பாட்டை நிறுத்துங்கள் என்றார். விருது வாங்கிய பாட்டை நிறுத்தினால் விருதுக்கு விளக்கம் கொடுக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் அந்த இடத்தில் ஒரு பலகை நட்டார்கள்: 'இசை நயத்திற்காகப் பேருந்து இங்கு சற்று நிற்கும்.'

எல்லோரும் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். தலைவருக்கு இன்னும் பெரிய வாரியம் கிடைத்தது. அங்கே நாடகம் போடுகிறார்கள் என்று கேள்வி. துன்ப அம்மையார் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில், தன் வாழ்க்கையில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று சொல்லி அழுதார். மக்கள் குரலைக் கேட்டு நிறுத்தம் கொண்டுவந்தவர் என்று போக்குவரத்து அதிகாரியின் படம் பத்திரிகையில் வந்தது. ஒலிப்பதிவாளர் கல்யாணங்களுக்குப் பதிவு செய்கிறார். தகரத்தின் அம்மா அதே பிரிவில் வேலை பார்க்கிறார். முழங்கால் பழையபடிதான், நடை குறைந்ததால் வீக்கம் இல்லை. கூரையைச் சரிசெய்துவிட்டார்கள்.

தகரம், அழிக்கப்பட்ட வரிகளையெல்லாம் முழுசாக, கடைக்குப் பின்னால் அதே இடத்தில் பாடுகிறான். கூட்டம் வருகிறது. அவனுக்கு இப்போது 'ஆமா' சொல்ல வேறு ஒருவன் இருக்கிறான், மருந்துக் கடைக்காரன். வரி முடிவதற்குள் அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறான், காத்திருக்கத் தெரியவில்லை. கடை ஜன்னலிலிருந்து நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கூட்டத்துக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.